தராசுக்கு முன் வயிற்றைக் கேளுங்கள்: எடைக் குறைப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடைக் குறைப்பு வகுப்புகளையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களே, அவர்களுக்குத் துணையாக உணவுப் பட்டியல் எழுதித் தரும் ஆலோசகர்களே,



சென்னை, கோவை, மதுரை போன்ற பெருநகரங்களில் மட்டுமன்றி இன்று தாலுகா ஊர்களிலும்கூட, பொழுது புலர்வதற்கு முன்பே மொட்டைமாடிகளிலும் பள்ளி மைதானங்களிலும் வாடகைக் கூடங்களிலும் மனிதர்களைக் கூட்டிவைத்து, அவர்களுடைய ஸ்தூல சரீரத்தைக் குறைப்பதற்கான தேகப்பயிற்சியையும் ஆகார நியமங்களையும் பொறுமையோடு கற்பித்துவரும் உங்கள் பணி அவசியமானது என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை உடையவர்கள்; ஆண்களின் நிலையும் அதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இக்காலத்தில், ஒருவர் தம் எடையில் நூற்றுக்கு 5 பங்கையோ 10 பங்கையோ குறைத்துக்கொள்வதற்குத் துணைநிற்கிறவர் அவருக்கு மெய்யான உபகாரம் செய்கிறார். ஆகையால் உங்கள் தொழிலைக் குறைகூறும் உத்தேசம் எனக்கு இல்லை. உங்கள் மாணவர்களுக்குள் ஒரு சிலர் தம் சங்கடத்தை வாய்திறந்து சொல்லக் கூசுகிறார்கள். அவர்கள் சார்பில், அவர்களில் ஒருவர் என்ற உரிமையோடு, இந்த மடலை எழுதுகிறேன்.

மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று மூன்றெழுத்தில் குறிப்பிடும் குடல் உபாதையால் பீடிக்கப்பட்டவர்கள் அவர்கள். கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளேனும் வயிற்றில் வலி வந்து, அந்த வலி மலம் கழிப்பதோடு சம்பந்தப்பட்டிருத்தல், போகும் தடவைகள் மாறுதல், மலம் இளகியோ இறுகியோ தன்மை மாறுதல் என்னும் மூன்றில் இரண்டேனும் அதோடு சேர்ந்து, உபாதை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்தால் அதை இந்நோய் என்று கொள்ளலாம் என்று, 2016-இல் நிபுணர்கள் திருத்தி அமைத்த ரோம் அளவுகோல் சொல்லுகிறது. சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. பொருமலும் உப்புசமும் பெரும்பாலோருக்கு உண்டு. இரத்தத்தைச் சோதித்தாலும், ஸ்கேன் எடுத்தாலும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை. ஆகவே ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற வாக்கியத்தையே கேட்டுக் கேட்டு, அவர்கள் தம் வேதனையைப் பிறரிடம் சொல்லுவதை விட்டுவிடுகிறார்கள். குடலின் சுவருக்குள் பத்துக் கோடியும் அதற்கு மேலும் நரம்பணுக்கள் இருந்துகொண்டு மூளையோடு இடைவிடாமல் செய்தி பரிமாறுகின்றன என்பதும், அந்தப் பரிமாற்றம் பிசகும்போது மற்றவர்கள் உணரவே உணராத சிறிது வாயுவும் சிறிது அசைவும்கூட ஒருவருக்கு வலியாகிவிடும் என்பதும் இன்று உடலியலில் தெளிவாகிவிட்ட விஷயங்கள். அந்த வலி கற்பனையன்று. சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்குமன்று.

வயிற்று உபாதைக்காரர் மெலிந்துதானே இருக்க வேண்டும், இவர் எப்படி இவ்வளவு பருத்திருக்கிறார் என்ற வினா உங்கள் மனத்தில் எழலாம். இந்நோய் தன்னளவில் எடையைக் குறைப்பதில்லை. எந்தக் காய் எப்போது என்ன செய்யுமோ என்று அஞ்சி அஞ்சிக் காய்கறியையும் பயறையும் கீரையையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டவர்கள், கடைசியில் தங்களுக்குத் தீங்கு செய்யாதென்று நம்பும் வெள்ளைச் சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் ரஸ்கிலும் வந்து நிற்கிறார்கள். விடியற்காலை நடைக்குப் போனால் வழியில் கழிவறை இருக்குமோ இராதோ என்ற கவலையால் நடப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். வலியைத் தணிப்பதற்காக மருத்துவர் குறைந்த அளவில் எழுதிக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை. இப்படிப் பல வருஷங்கள் கழிந்தபின் அவர்கள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் மருந்தை நிறுத்தும்படி எக்காரணம் கொண்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அதை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை.

இனி உங்கள் உணவுப் பட்டியலுக்கு வருகிறேன். என் தமக்கையின் மகள் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அதன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரியாக அச்சடித்துக் கொடுத்த தாளில், காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், பிறகு ஓர் ஆப்பிள், பதினொரு மணிக்கு ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் சோற்றை அறவே நீக்கிவிட்டுச் சப்பாத்தியும் காலிபிளவர் பொரியலும், மாலையில் கொள்ளு ரசம், இரவில் காளான் சூப் என்று எழுதியிருந்தது. இரண்டாவது வாரத்தில் அவள் வயிறு கல்லைப்போல் உப்பி, வலியால் இரவெல்லாம் உறங்காமல் கிடந்து, பேதியோடு வகுப்புக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, உடம்பில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறிதான், விடாமல் தொடருங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அது முற்றிலும் பிழையான பதில். அதனால் ஒரு பெண் வீணாக வதைபட்டாள்.

ஏன் பிழை என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்ஸன், சூ ஷெப்பர்டு என்ற இருவரும், சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் விரைவில் புளித்துப் போகும் ஒருவகைச் சர்க்கரைகளையும் குறுஞ்சங்கிலி மாவுச்சத்துக்களையும் ஒன்றுதிரட்டி, 2005-இல் அவற்றுக்கு ஃபாட்மேப் என்று பெயரிட்டார்கள். இவற்றில் சில குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்ளும். சில வாயுவாக மாறிக் குடலை விரிக்கும். சாதாரணமானவருக்கு அது சிறிது பொருமலோடு போய்விடும். இந்த உபாதை உடையவருக்கு அதுவே வலியும் பேதியும் ஆகிறது. அதே பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட பரிசோதனையில், 30 நோயாளிகளுக்கு 21 நாள் இச்சத்துக்கள் குறைந்த ஆகாரமும், 21 நாள் வழக்கமான ஆஸ்திரேலிய ஆகாரமும், எது எதுவென்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, முதல் வகை ஆகாரத்தை உண்ட நாட்களில் அவர்களுடைய உபாதை ஏறக்குறைய பாதியாகத் தணிந்திருந்தது.

இந்த அறிவை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடியும் படித்துப் பாருங்கள். தேனில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் மிகுதி. ஆப்பிளிலும் அப்படியே, அதோடு சார்பிடாலும் சேர்ந்திருக்கிறது. காலிபிளவரிலும் காளானிலும் மானிடால். கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான். கொண்டைக்கடலையிலும் கொள்ளிலும், மனிதக் குடலில் செரிக்க நொதியே இல்லாத ராஃபினோஸ் இனத்துச் சர்க்கரைகள். இவை யாவும் அந்த ஃபாட்மேப் வகைகளே. எடைக்கு நன்மையென்று தேடித் தேடிச் சேர்த்த ஒவ்வொன்றும் அவள் குடலுக்குப் பகையாகவே வந்து அமைந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை நான் மறுக்கவில்லை. கொள்ளு புரதமும் நாரும் நிறைந்த நல்ல தானியமே. ஆனால் கொள்ளை வேகவைத்த நீரில் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி கரைந்து இறங்கிவிடுகிறது. ரசம் வைப்பதோ அந்த நீரில்தான். பயறை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறின நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் வேகவைத்து, அந்த நீரையும் வடித்துவிட்டுச் சிறு அளவில் உண்டால் பலருக்குப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. எதை உண்ணச் சொல்லுகிறோம் என்பதோடு, எவ்வளவு, எப்படிச் சமைத்து என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது சோற்றுக்கு உங்கள் வகுப்புகளில் நேர்ந்திருக்கும் கதிதான். சோறு பகை, சப்பாத்தி நட்பு என்பது இன்று தமிழ்நாட்டில் கேள்வி கேட்பாரற்ற சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. பச்சை அரிசியோ புழுங்கல் அரிசியோ கோதுமை மாவோ, சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு எல்லாம் சுமார் 320 முதல் 360 கலோரிக்குள்தான் அடங்குகின்றன. கோதுமையில் நார் அதிகம் என்பதும், நீரிழிவு உடையவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது என்பதும் உண்மையே; என்றாலும் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினவர் மெலிவதற்குப் பெரிய காரணம், சோற்றைக் குவித்து உண்டவர் சப்பாத்தியை எண்ணி உண்பதுதான். அரிசியோ, தானியங்கள் எல்லாவற்றிலும் குடலில் மிகக் குறைந்த வாயுவை உண்டாக்குவது. அதன் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் நம் வீடுகளில் குழைந்த சோறு கொடுத்த வழக்கம் அனுபவத்தில் விளைந்தது. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்கிறது. ஒரு வேளைக்கு 150 கிராம் என்று ஒரு கிண்ணத்தால் அளந்து வைத்துவிட்டால் அது 200 கலோரியைத் தாண்டாது. குடல் நொந்த ஒருவருக்கு அளந்த சோற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பசியாறிய அமைதியோடு அவர் மற்ற நியமங்களைக் கடைப்பிடிப்பார். சப்பாத்தியால் வயிறு உப்பினவரோ மூன்றாம் வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழைய ஆகாரத்துக்கே போய்விடுவார்.

எடையைக் குறைக்க எதைத்தான் குறைப்பது என்று கேட்பீர்கள். இங்கேதான் இரண்டு நோக்கங்களும் ஒன்றுபடுகிற இடம் இருக்கிறது. உங்கள் பட்டியல்கள் அந்த இடத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். கொழுப்பு மிகுந்த பெரிய சாப்பாடு உள்ளே போனவுடன் பெருங்குடல் வேகமாகச் சுருங்கத் தொடங்குகிறது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கழிவறையைத் தேடி ஓடுகிறவர்களின் அவஸ்தைக்கு இந்த அனிச்சைச் செயல் முக்கியமான காரணம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. தாளிப்பிலும் பொரியலிலும் தோசைக்கல்லிலுமாக நாளொன்றுக்கு இரண்டு கரண்டி எண்ணெயைக் குறைத்து, காபி, தேநீரில் போடும் சர்க்கரையில் பாதியைக் குறைத்து, வடை, பஜ்ஜி, மிக்சர் முதலியவற்றை விசேஷ நாட்களுக்கென்று ஒதுக்கிவிட்டால், ஒரு காயையும் பழத்தையும் தொடாமலே நாளுக்கு 300 கலோரி குறைந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், அதுவே மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உங்கள் விளம்பரங்களில் காணும் வேகத்துக்கு இது மிகவும் மந்தமாகத் தோன்றலாம். ஆனால் இந்த நோயாளியின் குடல் ஒவ்வொரு மாறுதலையும் தயங்கித் தயங்கியே ஏற்றுக்கொள்ளும் சுபாவமுடையது. முட்டை, மீன், கோழி இறைச்சி ஆகியவற்றில் புளிக்கும் சர்க்கரைகள் இல்லை. சைவ உணவினருக்குச் சிறு அளவில் பாசிப்பருப்பும், பாலைவிட லாக்டோஸ் குறைந்த நன்றாக உறைந்த தயிரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆப்பிளுக்குப் பதிலாகப் பப்பாளியும் ஆரஞ்சும் நன்கு பழுத்த கொய்யாவும், காலிபிளவருக்குப் பதிலாகச் சௌசௌவும் காரட்டும் கத்தரிக்காயும் வெள்ளரியும் இருக்கின்றன. இவையெல்லாம் விலையும் மலிவு.

வெங்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயச் சாம்பாரில் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்து இலையோரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாக நோயாளிகள் பலர் நம்புகிறார்கள். ஃப்ரக்டான் நீரில் கரைவது. சாம்பார் கொதிக்கும்போதே அது குழம்பு முழுவதும் பரவியிருக்கும். எண்ணெயில் அது கரைவதில்லை. ஆகவே பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி வாசனை இறங்கியபின் பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், உபாதை வராது. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் பாதகம் செய்யாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் பெருங்காயமும் சீரகமும் மிளகும் இஞ்சியும் கொண்டு சமைக்கும் முறை ஒன்று நம்மிடமே, விரத நாள் சமையல் என்ற பெயரில், தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் வீட்டுப் பெண்கள் சிரமமின்றிச் செய்கிற அந்தச் சமையலைச் சில வாரங்களுக்கு இந்த நோயாளியின் தினசரிச் சமையலாகச் செய்துகொள்ளச் சொன்னால், அயல்நாட்டுப் பெயர்களைச் சொல்லி மிரட்ட வேண்டிய அவசியமே இராது. அதில் சேரும் பருப்பின் அளவை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சில வாரங்களுக்கு என்று சொன்னதை அழுத்தமாகவே சொல்லுகிறேன். மோனாஷ் பல்கலைக்கழகத்தாரே இந்த ஆகார முறையை ஆயுள் முழுவதற்குமான பத்தியமாக விதிக்கவில்லை. இரண்டு முதல் ஆறு வாரம் வரை விலக்கிவைத்து, பிறகு ஒவ்வொரு வகையாக, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டித் திரும்பச் சேர்த்துப் பார்த்து, எது தமக்கு ஒவ்வாதோ அதை மட்டும் குறைத்துக்கொண்டு, மற்றவை யாவற்றையும் மீண்டும் தட்டுக்குக் கொண்டுவருவதே அதன் முறை. குடலுக்காக விலக்கியவற்றின்மேல் எடைக்காக விலக்கியவற்றையும் சேர்த்துவிட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு சல்லடைகளில் சலித்த மாவைப்போல, எஞ்சி நிற்பது கையளவே. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்று அதே குடும்பநல ஆய்வு சொல்லும்போது, கீரையும் பருப்பும் பாலும் பழமும் ஒருசேரப் பறிபோன ஒரு பெண்ணின் உடம்பு என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். உணவைக் கண்டாலே அஞ்சுகிற மனநிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள். கல்யாண வீட்டில் இலையின் முன் உட்கார்ந்து தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த விலக்கும் கட்டத்தைப் பயிற்சி பெற்ற உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் முதலில் முடித்துவிட்டு, குடல் அடங்கியபிறகு எடைக்கான கலோரிக் கணக்கைத் தொடங்குவதுதான் முறை.

உங்களிற் சிலர் விற்கும் மெலிவுத் தேநீர்களையும் குடல் சுத்திப் பொடிகளையும் பற்றி நான் மென்மையாகப் பேச இயலாது. அவற்றுள் பலவற்றில் இருப்பது நிலவாகை இலை. உலகத்து மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயராலேயே வழங்கும் அந்த மூலிகை, மலச்சிக்கலுக்குச் சில நாட்கள் கொடுக்கும் மருந்தாக மதிப்புடையது. அது வேலை செய்யும் இடம் பெருங்குடல். உணவின் கலோரியில் மிகப் பெரும்பகுதியோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பேதியால் தராசில் குறைவது நீரும் உப்புக்களுமே. கொழுப்பில் ஓர் இழைகூடக் கரைவதில்லை. ஏற்கெனவே பேதியால் வாடும் ஒருவருக்கு இதைக் கொடுப்பது கொடுமை. மலச்சிக்கல் உடையவர் இதையே நம்பி நாள்தோறும் குடிப்பதும் நல்லதன்று. சர்க்கரை இல்லாத மிட்டாய்களிலும் சில உணவுக் கட்டிகளிலும் உள்ள சார்பிடால், மால்டிடால் போன்றவையும் பேதியை உண்டாக்கக்கூடியவை. உடற்பயிற்சிக் கூடங்களில் கொடுக்கும் வே புரதப் பொடியில் கான்சன்ட்ரேட் என்ற வகையில் லாக்டோஸ் மிகுதி, ஐசோலேட் என்ற வகையில் குறைவு. டப்பாவின் முதுகைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நாருக்காகத் தவிட்டைப் பரிந்துரைப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். நெதர்லாந்தில் 275 நோயாளிகளுக்கு இசப்கோல், கோதுமைத் தவிடு, வெற்று மாவு ஆகிய மூன்றையும் பிரித்துக் கொடுத்து 2009-இல் வெளியான ஆய்வில், இசப்கோல் பலனளித்தது. தவிடு உபாதையைக் கூட்டியதால் பலர் பாதியிலேயே விலகினார்கள். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் இசப்கோலைச் சிறு அளவில் தொடங்கி, தாராளமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே மெதுவாகக் கூட்டினால், பசியும் சற்று அடங்கும்.

பதினாறு மணி நேரம், இருபது மணி நேரம் என்று இப்போது பரவியிருக்கும் உபவாச முறைகள் சிலருக்கு நன்மை செய்யலாம். நீண்ட நேரம் வெறுமையாக இருந்த வயிற்றில் ஒரே தடவையில் பெருஞ்சாப்பாட்டை இறக்கினால் நொந்த குடல் என்ன செய்யும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். பிரிட்டனின் நைஸ் என்ற அமைப்பு 2008-இல் இந்நோய்க்கு வகுத்த வழிகாட்டியில், வேளை தவறாமல் உண்பதையும், இடையில் நெடுநேரம் பட்டினி கிடக்காமல் இருப்பதையும், காபியையும் தேநீரையும் நாளுக்கு மூன்று கோப்பைக்குள் அடக்குவதையும் முதன்மையாகச் சொல்லியிருக்கிறது. நம் காபித் தூளில் கலக்கும் சிக்கரியின் வேரில் இன்யுலின் என்ற ஃப்ரக்டான் நிறைந்திருக்கிறது. வறுக்கும்போது அதில் ஒரு பங்கு சிதைந்தாலும், சிக்கரி சேராத தூளுக்கு மாறிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

தராசைப் பற்றிச் சில வார்த்தைகள். இரண்டு மூன்று நாள் மலம் கழியாதிருந்தவர் தம் எடை ஒரு கிலோ ஏறியிருப்பதைக் கண்டு மனம் உடைவதும், பேதியான மறுநாள் அதே தராசில் இரண்டு கிலோ இறங்கியதற்காக வகுப்பார் கைதட்டுவதும் சர்வசாதாரணமாக நடக்கின்றன. இரண்டுமே பொய்க்கணக்கு. இடுப்புச் சுற்றளவும் அப்படியே. காலையில் ஓர் அளவும், பொருமலோடு மாலையில் வேறோர் அளவும் காட்டும். இவர்களைப் பொறுத்தவரை, விடிந்து மலம் கழித்தபின் வெறும் வயிற்றில், வாரம் ஒரு முறை பார்த்து, நான்கு வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் எடையை உரக்கப் படிக்கும் சம்பிரதாயத்தை இவர்களுக்காகவேனும் கைவிடுங்கள். அவமானமும் பதற்றமும் நேரே குடலுக்குத்தான் போய்ச் சேருகின்றன.

உடற்பயிற்சி இந்த நோய்க்கு நன்மை செய்கிறது என்பதில் ஐயமில்லை. சுவீடனில் 102 நோயாளிகளைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நடை, மிதிவண்டி போன்ற பயிற்சியை வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் செய்தவர்களின் குடல் உபாதை, செய்யாதவர்களுடையதைவிடத் தணிந்திருந்தது. ஆனால் நீங்கள் வகுப்பு வைத்திருக்கும் நேரம் காலை ஐந்தரை மணி. இந்த நோயாளிக்கு நாளிலேயே கஷ்டமான நேரம் அதுதான். ஒரு முறை போய்வந்தால் போதாமல், மறுபடியும் மறுபடியும் போகவேண்டியிருப்பவர், கழிவறை இல்லாத மைதானத்துக்கு எந்தத் தைரியத்தில் வருவார்? மாலையில் ஒரு வகுப்பு வையுங்கள். முடியாதென்றால் தாமதமாக வருகிறவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். கூடத்தின் கழிவறையைப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் வைத்திருக்கும் வழக்கம் எத்தனை பேரை, குறிப்பாகப் பெண்களை, முதல் வாரத்திலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அவர்கள் வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். மூச்சிரைக்கக் குதிக்கும் பயிற்சிகளும் நீண்ட ஓட்டமும் பேதியைத் தூண்டக்கூடியவை. வேகநடையிலும், எளிய எடைதூக்குதலிலும், ஆசனங்களிலும் தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று, மற்றவற்றை மறந்தாலும் இதை மறவாதீர்கள். உங்கள் முயற்சியும் அவர் முயற்சியும் இல்லாமலே ஒருவருக்கு எடை குறைந்துகொண்டு போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, இரத்தசோகை இருந்தாலோ, உறக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி இருந்தாலோ, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக இந்த உபாதை தொடங்கியிருந்தாலோ, குடும்பத்தில் எவருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்திருந்தாலோ, அது வேறு நோயாக இருக்கலாம். எடை இறங்கியதென்று பாராட்டி அனுப்பாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.

இதற்கெல்லாம் உங்கள் சேர்க்கைப் படிவத்தில் நாலைந்து வரிகள் கூடுதலாக அச்சிட்டால் போதும்: வயிற்று வலி அடிக்கடி வருகிறதா, மலம் கழிப்பதில் மாறுதல் உண்டா, மேலே சொன்ன அபாய அறிகுறிகளில் ஏதேனும் இருக்கிறதா, எந்த உணவு ஒத்துக்கொள்வதில்லை, என்ன மருந்து உட்கொள்கிறீர்கள். பதிலை மற்றவர்கள் படிக்காதபடி உறையிலிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஆம்’ என்று எழுதியவருக்கு அச்சடித்த பொதுத் தாளைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, உணவியல் நிபுணரைக் கலந்து அவருக்கென்று ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் தொடங்கவிருக்கும் புது வகுப்புகளுக்குப் படிவம் அச்சாகும் முன்பே இதைச் செய்யும்படி உங்கள் ஒவ்வொருவரையும் மிகுந்த வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் அன்பர் ஒருவர்